தந்தையின் மடலும் தாயின் கேள்வியும்

மேலப்பாளையத்தில் அஸர் தொழுகை முடிந்த ஒரு மாலையில் பெரியவர் ஒருவர் நம்மை அணுகினார். அவருடைய மகன் முப்பது வயதைக் கடந்தவன்; குடியும் கடனுமாகத் திரிபவன். “அவனுக்கும் எனக்கும் யாதொரு தொடர்பும் இல்லையென்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிடட்டுமா, ஹஸ்ரத்?” என்று கண்கலங்கக் கேட்டார். இத்தகைய அறிவிப்பை எழுத நேர்ந்த மற்றொரு தந்தையின் எழுத்துகளை அன்றிரவு எடுத்துப் படித்தோம். அவற்றை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அத்தந்தை காந்தியடிகள்; மகன், மூத்தவரான ஹரிலால். ஹரிலால் இயக்குநராயிருந்த வணிக நிறுவனம் ஒன்றில், காந்தியின் பெயரை நம்பி முஸ்லிம் ஒருவர் பணம் போட்டு இழந்தார். அவருடைய வழக்கறிஞர் காந்தியடிகளுக்கு எழுதினார். அதற்கான விடை 1925 ஜூன் மாத ‘யங் இந்தியா’வில் வெளிவந்தது. ஹரிலால் தம் மகனே என்று அதில் ஒப்புக்கொள்கிறார். பல்லாண்டுகளாகப் பிரிந்து வாழும் அவருடைய வணிகத்திற்குத் தாம் பொறுப்பல்லர் என்கிறார். மகன் நாடி வந்தால் தந்தையின் நெஞ்சில் இடமுண்டு என்றும் சொல்கிறார். உறவை மறுக்கவில்லை, கடனை ஏற்கவில்லை, கதவை அடைக்கவுமில்லை. ஓர் ஆன்மா மற்றோர் ஆன்மாவின் சுமையைச் சுமக்காது என்னும் திருமறையின் போதனைக்கு இம்மடல் முற்றும் இசைவானது.

1936இல் எழுதிய மடலோ வேறு வகையினது. அவ்வாண்டு மே மாதம் ஹரிலால் பம்பாயில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் எனப் பெயர் பூண்டார். காந்தியடிகள் தம் முஸ்லிம் நண்பர்களுக்கு ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். மனமாற்றம் உண்மையானால் தமக்கு மறுப்பில்லை என்றார். ஆயினும் மகனின் குடியையும் கடனையும் ஒழுக்கக்கேட்டையும் ஊரறிய விரித்துரைத்தார். அவர் மௌனம் காத்திருந்தால் அதுவே சம்மதமாகக் கொள்ளப்பட்டிருக்கும். அந்த நெருக்கடியை நாம் உணர்கிறோம். எனினும் முதல் மடல் எல்லை வகுத்தது. இரண்டாம் மடல் மானத்தைத் தொட்டது. நபி யஃகூப் (அலை) அவர்கள் மக்களால் துயருற்றபோது, தம் முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தார்கள். பிழைசெய்த மக்களுக்காகப் பாவமன்னிப்பும் வேண்டினார்கள்.

தந்தையைக் குறைகூறும் நாம் நம்மையும் பார்க்க வேண்டாமா? ஹரிலாலை மேடையேற்றிக் கொண்டாடியவர்கள் நம்மவர்களே. ஆனால் அவரோ அவ்வாண்டே சென்னைத் தெருவில் நள்ளிரவில் குடிபோதையில் பிடிபட்டார். ஒரு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அப்போது அன்னை கஸ்தூரிபாயின் பெயரால் ஒரு திறந்த மடல் வெளிவந்தது. இத்தகைய என் மகனை ‘மௌலவி’ என்றழைக்க உங்கள் மார்க்கம் இடந்தருகிறதா என்னும் பொருள்பட அத்தாய் வினவினார். மதரஸாவில் ஓதி அப்பட்டத்தைச் சுமக்கும் நமக்கு அவ்வினா இன்றும் சுடுகிறது. நோயுற்ற ஒருவரை அவருடைய தந்தையின் பெயருக்காகத் தூக்கிப் பிடித்தோம். அவரைக் குணப்படுத்த முனைந்தோமில்லை. அவ்வாண்டு முடியுமுன் அவர் பழைய சமயத்திற்கே திரும்பினார். தந்தை மறைந்த சில மாதங்களில், 1948 ஜூனில், அவரும் பம்பாயில் மறைந்தார்.

மறுநாள் அப்பெரியவரிடம் சொன்னோம்: “உழைக்க வலுவுள்ள மகனுக்குச் செலவுக்குக் கொடுக்கும் கடமை உங்களுக்கில்லை. அவன் கடனுக்கு நீங்கள் பொறுப்பல்லர் என்பதைக் கடன் கொடுப்போரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். ஆனால் மகனே அல்லன் என்று எழுதாதீர்கள். வஸிய்யத்தினாலும் வாரிசை நீக்க ஷரீஅத் இடந்தரவில்லை. நபி நூஹ் (அலை) அவர்கள் அலை குறுக்கிடும் வரை மகனை அழைத்தார்கள். கப்பலை விட்டு இறங்கவில்லை.”

பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, எழுதி வைத்திருந்த விளம்பரத் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நம் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.