கருந்திரையும் காரிருளும்

ஆங்கில இலக்கியத்தில் 'காதிக்' புதினம் என வழங்கும் வகைக்கு வித்திட்டவர் ஒரேஸ் வால்போல். 1764-இல் வெளிவந்த அவருடைய 'ஒட்ரான்டோ கோட்டை'யில், கதை தொடங்கியதுமே பெருந்தலைக்கவசம் ஒன்று வீழ்ந்து மணமகனை நசுக்கிவிடுகிறது. படிப்போர் திடுக்கிடுகின்றனர். ஆனால், திடுக்கீடு நொடியில் தீர்வது, எதிர்பார்ப்போ வளர்வது.

இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர் ஆன் ராட்கிளிப் அம்மையார். 1794-இல் வெளிவந்த அவருடைய 'உடால்போ மர்மங்கள்' என்னும் புதினத்தில், பெற்றோரை இழந்த எமிலி மலைக்கோட்டைக்கு வந்து சேரும் பொழுது மாலை. பள்ளத்தாக்கில் ஒளி மறைகிறது. நிழல் மெல்ல மதில்மேல் ஏறுகிறது. உச்சியில் மட்டும் சிறிது தங்கிய கதிரொளியும் பின்னர் அவிகிறது. தீங்கொன்றும் இன்னும் நிகழவில்லை. எனினும் நெஞ்சம் நடுங்குகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கற்றவர்க்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும்.

கோட்டையில் கருந்திரை ஒன்றை விலக்கிய எமிலி மயங்கி வீழ்கிறாள். அவள் கண்டது யாதென ஆசிரியர் கூறாது விடுகிறார். நூலின் இறுதிப் பகுதியிலேயே அது வெறும் மெழுகுருவம் எனத் தெரிகிறது. இஃது ஏமாற்று என்பர் சிலர். 1817-இன் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபே'யில் ஜேன் ஆஸ்டின் இத்தகைய கதைகளை நகையாடினார். புயலிரவில் காதரின் கண்டெடுக்கும் தாள்சுருள், விடிந்ததும் சலவைக் கணக்காகிறது! ஆயினும், விளக்கு அணைந்த அவ்விரவில் படிப்போர் நெஞ்சும் துடிக்கவே செய்கிறது. சூழலின் ஆற்றலுக்கு அந்நகையாட்டே சான்றாயிற்று.

குறைகூறுவோர் ஒன்றை மறந்தனர். கோட்டைத் தலைவன் மோண்டோனி, சொத்துக்களை எழுதித் தருமாறு தன் மனைவியைக் கொடுமை செய்கிறான். அடைபட்டு நலிந்து அவள் இறக்கிறாள். பின்னர் அவள் மருமகளாகிய எமிலியையே நெருக்குகிறான். எமிலியின் அறைக் கதவொன்றுக்கு வெளிப்புறத்தில்தான் தாழ் உண்டு; உள்ளிருந்து அடைக்க இயலாது. காப்பாரில்லாப் பெண்ணின் நிலைக்கு இதனினும் பொருத்தமான உருவம் வேறில்லை.

மெழுகுருவத்தை நெடிது மறைத்தது குறையே. எமிலியின் இடரோடு அதற்குத் தொடர்பில்லை. ஆனால், அக்கதவில் குறையில்லை. பேய் பொய்யாயிற்று, அச்சம் பொய்யாகவில்லை. சூழல் வெறும் அணியாய் நில்லாது, மாந்தர்தம் இடரோடு பிணைந்த இடத்தேதான் எதிர்பார்ப்பு உயிர்பெறுகிறது.