டோமகாக்: மூலமும் படியும்

டோமகாக் என்னும் சொல், வட அமெரிக்காவின் கீழைக்கரையில் வர்சீனியாப் பகுதியில் வழங்கிய அல்கோன்கிய மொழியொன்றிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தது. சொல் அந்நாட்டுப் பழங்குடியினருடையது. அச்சொல்லால் இன்று கருதப்படும் இரும்புத் தலையோ பெரும்பாலும் ஐரோப்பியக் கொல்லர் உலையிற் பிறந்து வாணிகத்தால் அவர்களை அடைந்தது. இவ்விருமையை மறந்து, பழைய பாங்கில் இக்காலத்தார் அடிக்கும் டோமகாக்குகளைப் போலியென ஒதுக்குவாரும் மூலமேயெனப் போற்றுவாரும் உளர். இரண்டும் பொருந்தாமையை ஈண்டுக் காட்டுதும்.

மெரிவெதர் லூயிசு 1805 பிப்ரவரி 5ஆம் நாள் எழுதிய நாட்குறிப்பு இதற்குச் சிறந்த சான்று. மிசௌரி ஆற்றங்கரையில் மாண்டன் கோட்டையிற் குளிர்காலத்தைக் கழித்த அவர்தம் குழுவின் கொல்லர், அண்டை ஊரார்க்குப் போர்க்கோடரி அடித்துக் கொடுத்துச் சோளம் பெற்றனர். குழுவினர் உணவு பெரிதும் அவ்வுலையை நம்பியிருந்தது. லூயிசு அக்கோடரியை அளந்தே எழுதுகிறார்: அலகு 7 முதல் 9 அங்குல நீளம், காம்பு 14 அங்குலத்தின் மிகுதல் அரிது, நிறை ஏறத்தாழ ஒரு பவுண்டு. அலகு நீண்டு காம்பு குறுகியதால் வீச்சுக் குறி தவறும், அடியும் வலுக்குன்றும் என்பது அவர் கண்ட குற்றம்.

அளவையில் அவர் பிழைத்திலர். தீர்ப்பிற் பிழைத்தார் என்பது எம் கருத்து. வெட்டும் பயன் ஒன்றையே அவர் உரைகல்லாகக் கொண்டார். இன்னும் பழைய வடிவில் அழகுக்காகத் துளைகள் இடுவர் என்று அவரே எழுதியும், அழகு வேண்டியவர் வேறு பயனும் வேண்டியிருப்பர் என எண்ணினாரில்லை. வாங்குவோர் கேட்டது அவ்வடிவே. அதற்கே சோளம் அளந்தனர். எனவே வடிவின் ஆசிரியர் வாங்கியவர். கொல்லர், சொல்லக் கேட்டு ஏடெழுதியவரை ஒப்பர். அவ்வாறு அடித்த கோடரியொன்றை 1806இல் மலைகட்கு அப்பால் நெசு பெர்சே மக்களிடையே கண்டதாக உடன்சென்ற ஆர்டுவே குறிக்கிறார். கொல்லரினும் விரைந்து சென்றது போலும் அக்கோடரி!

இனிச் செய்முறை. இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, நடுவே ஓர் உருளையைச் சுற்றி மடித்துக் காம்புத் துளையாக்குவர். இரு முனைகளையும் சேர்த்து, அவற்றிடையே எஃகுத் துண்டை வைத்து, வெண்சூட்டில் அடித்து ஒன்றாக்குவர். எஃகு விலைமிக்கதாதலின் வெட்டுவாய்க்கு மட்டுமே அஃது இடப்பட்டது. இக்காலத்தே முழு எஃகுக் கட்டியில் துளையிட்டு அவ்வுருவையே ஆக்குவாரும் உளர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் முன்னதில் மடிப்பும் பொருத்தும் எஃகின் அருமையைச் சொல்லும். பின்னதில் அச்செய்தி இல்லை. பொருளறியாது எழுத்தை மட்டும் பெயர்த்த படியிலும் வரிகள் நேராகவே இருக்கும். ஆதலின், மடித்துப் பொருத்தியதை நற்படி என்போம். துளையிட்டதை உருவப்படி என்றால் அமையும். இரண்டும் மூலமல்ல.

பழங்குடியினர் செய்தது எனப் பொய்யாகக் கூறி விற்றலை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அது விற்பார் வாயைக் கட்டும். நூறாண்டு கழித்துத் துருவேறிய தலையைக் கையில் ஏந்தும் ஆய்வாளர்க்கு அது போதாது. ஏட்டின் இறுதியில் எழுதினவர் தம் பெயரும் நாளும் பொறித்தாற்போல, கொல்லரும் தம் முத்திரையையும் ஆண்டையும் இரும்பிற் பதித்தல் வேண்டும். சிலர் பதிக்கின்றனர், பழமைத் தோற்றம் கெடுமென்று பிறர் விடுகின்றனர். அவர் கூறும் காரணத்தை யாம் ஏற்கிலேம்.