சூன்யம் என்கிற சௌகரியம்

தமிழில் சூன்யம் என்ற சொல்லுக்கு இரண்டு உபயோகங்கள் உண்டு. புதுக்கவிதை எழுதுகிறவர் அதைத் தனக்கே வைத்துக்கொள்கிறார். ஊரில் அதை அடுத்தவனுக்கு வைக்கிறார்கள். இரண்டாவதில்தான் விவேகம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். சூன்யம் வைக்க இன்னொருவன் வேண்டும். பகையோ பொறாமையோ வேண்டும். அதாவது சமூகம் வேண்டும். கவிஞருடைய சூன்யத்துக்கு ஓர் அறையும் ஜன்னலும் போதும்.

கணக்கிலும் பூஜ்யம் தனிமையில் பிறந்ததல்ல. பழைய தமிழ் எண்களில் பூஜ்யம் கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள். எண்ணின் மதிப்பை அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறபோதுதான் காலி இடத்துக்கும் ஒரு குறி தேவைப்படுகிறது. குவாலியர் சதுர்புஜர் கோயிலின் 876ஆம் வருஷத்துக் கல்வெட்டில் அந்தக் குறி இருக்கிறது: கோயிலுக்கு விட்ட பூந்தோட்டத்தின் நீளம் 270 முழம், தினசரி மாலைகள் 50. பூஜ்யம் அங்கே வெறுமையைச் சொல்லவில்லை, ஐந்தை ஐம்பதாக்குகிறது. தனியே நின்றால் அதற்கு மதிப்பில்லை. இன்னொன்றின் வலப்பக்கம் நின்றால் மதிப்பு அந்த இன்னொன்றுக்குப் போகிறது.

இந்த ஏற்பாடு நமக்குப் பரிச்சயமானதே. ஊருக்கு வெளியே ஓர் இடம் காட்டி, அங்கே நிற்கிறவன் ஒன்றுமில்லாதவன் என்று சொல்லி, அவன் அங்கே நிற்பதாலேயே தன் மதிப்பைப் பத்து மடங்காக்கிக்கொண்டது நம் ஊர். 'நான் ஒன்றுமில்லை' என்று கவிதை எழுத, முதலில் ஏதோ ஒன்றாக இருந்திருக்க வேண்டும். தினமும் அதையே பிறர் வாயால் கேட்டு வளர்ந்தவன் அந்த வரியை எழுதமாட்டான்.

ஆகவே சேரியைப் பற்றி எழுதுங்கள், வெறுமையை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வெறுமை நிஜமான அநுபவம். நகுலனிடம் அதற்குச் சுசீலா என்று ஒரு பெயர் இருக்கிறது. இல்லாத ஒருத்தியின் இடம் அது. அதனால்தான் நம்மைத் தொடுகிறது. அவரைப் பின்பற்றுகிற பலரிடம் ஆளும் இல்லை, இடமும் இல்லை. இல்லாமை மட்டும் மிச்சம்.

நாகார்ஜுனர் சூன்யம் என்றது, எதற்கும் பிறவற்றைச் சாராத சுய சுபாவம் கிடையாது என்பதைத்தான். ஒன்றுமே இல்லை என்று அல்ல. அம்பேத்கர் தன் கடைசி நூலான 'புத்தரும் அவர் தம்மமும்' (1957) புத்தகத்தில் இன்னும் நேராக வருகிறார். சூன்யம் நாசவாதமல்ல, இடையறாத மாற்றம், அதனாலேயே எல்லாம் சாத்தியமாகிறது என்பது அவர் வாதம். பிறப்போடு இடமும் நிரந்தரமாக விதிக்கப்பட்ட ஜனங்களிடையே பிறந்தவருக்கு இது தத்துவ விசாரம் மட்டுமல்ல. எதற்கும் சுய சுபாவம் இல்லையென்றால் ஜாதிக்கும் இல்லை. 'மனித சுபாவம் அப்படித்தான்' என்று நாம் கையை விரிக்கிறோமே, அந்தக் குரூரத்துக்கும் இல்லை.

நம் கவிதையில் சூன்யம் எல்லாவற்றையும் முடித்துவைக்கிற சொல்லாகிவிட்டது. அம்பேத்கருக்கு அது தொடங்கிவைக்கிற சொல். இனி ஒரு கவிதையில் வெறுமை வரும்போது, அந்த இடத்தைக் காலி செய்தது யார் என்று மட்டும் கேட்டுப் பார்க்கலாம். பதில் இல்லாத கவிதைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன.