கிரேயோனின் கட்சி

ஸொபக்ளீஸின் ‘அந்திகொனே’ சுமார் கி.மு. 441-ல் ஏதென்ஸில் அரங்கேறிய சோக நாடகம். ஓமலூரில் அதைப் படித்த மாணவர்கள் தர்க்கம் செய்ததைக் கேட்டேன். அரசன் தடையை மீறி அண்ணனை அடக்கம் செய்தவளுக்கே எல்லோரும் வக்காலத்து. ஒருவன் மட்டும், சொந்த ஊர்மேல் படையெடுத்தவனுக்கு மரியாதை எதற்கு என்று அரசன் கிரேயோனுக்காகப் பேசினான். அவன் கட்சியிலும் நியாயம் இல்லாவிட்டால் அது என்ன நாடகம்? சூதாட்ட சபையில் திரௌபதி கேட்கும் கேள்விக்குப் பீஷ்மரே திணறுகிறார். விடிய விடியக் கூத்துப் பார்க்கும் சீமையில் இதைச் சொல்லித்தரவா வேண்டும்!

மறுபடி புத்தகத்தைப் புரட்டியவனும் அவனே. முதலில் குகையில் அடைத்த பெண்ணை விடுவி, பிறகு பிணத்தைப் புதை என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். கிரேயோன் மாற்றிச் செய்கிறான். குகைக்குப் போனால் அவள் தூக்கில் தொங்குகிறாள்.

“மனசு மாறிட்டாருங்க, வரிசைதான் தப்பிப் போச்சுங்க” என்றான். எதிர்க்கட்சியில் சற்று நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.