மேற்கிந்திய நாவலும் கலப்பு மாந்தரும்

பூர்வகுடிகள் பெரும்பாலும் அழிந்தொழிந்த மண்ணில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும், அடிமை முறை ஒழிந்த பின் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களைச் சுற்றி உண்டாக்கிய கலப்புச் சமூகமே மேற்கிந்தியத் தீவுகளின் சமூகம். முதல் கூலிக் கப்பல்கள் 1838-இல் கயானாவிலும் 1845-இல் டிரினிடாடிலும் கரை சேர்ந்தன. 1917-க்குள் டிரினிடாடுக்கு மட்டும் ஏறக்குறைய 1,44,000 பேர் போய்ச் சேர்ந்தார்கள். கல்கத்தா வழியாகப் போனவர்களே மிகுதியென்றாலும் சென்னையில் கப்பலேறியவர்களும் அவர்களுள் உண்டு. ஏறக்குறைய எல்லோருமே வேற்றிடத்திலிருந்து வந்தவர்களாக இருக்கும் நாட்டில் சுதேசி யார் என்ற கேள்விக்கு விடை தேடுவதே அந்நாட்டு நாவலின் ஜீவநாடியாக அமைந்தது.

இந்த நாவல் மரபு தீவுகளைப் பற்றியதாயினும் அதன் பெரும்பகுதி எழுதப்பட்ட இடம் லண்டன். பதிப்பகங்களும் வாசகர்களும் அங்கேதான் இருந்தார்கள். தீவு எழுத்தாளர்களின் கதைகளையும் கவிதைகளையும் 1943 முதல் 1958 வரை தீவுகளுக்கே ஒலிபரப்பிய பி.பி.சி.யின் ‘கரீபியன் வாய்சஸ்’ நிகழ்ச்சியும் அங்கிருந்துதான் நடந்தது. பார்படோஸின் ஜார்ஜ் லாமிங்கும் டிரினிடாடின் ஸாம் செல்வனும் 1950-இல் ஒரே கப்பலில் இங்கிலாந்துக்குப் போனவர்கள். ஊரை விட்டுப் போன பிறகே ஊரை எழுத முடிந்தது என்னும் இந்த முரண், அவர்களுக்குப் பின்வந்தோர் பலருக்கும் பொருந்தும்.

இம்மரபின் முதற்பிரிவைச் சரித்திரப் பிரக்ஞையுடையது எனலாம். லாமிங்கின் ‘இன் தி காஸில் ஆஃப் மை ஸ்கின்’ (1953) நாவலில் கிராமப் பள்ளிச் சிறுவர்கள் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய தினத்தைக் கொண்டாடுகிறார்கள். தங்கள் பாட்டன்மார் அடிமைகளாக இருந்த செய்தியோ அவர்களுக்கு எங்கோ தொலைதேசத்தில் நடந்த கதையாகவே தோன்றுகிறது. சொந்த மண்ணை விட்டு நகராத பிள்ளையையும் அந்நியனாக்கும் வல்லமை காலனியக் கல்விக்கு உண்டென்பதை அந்நாவல் பிரசங்கம் செய்யாமல் காட்டிவிடுகிறது.

இரண்டாவது, பரிகாசப் பிரிவு. அதன் சிகரம் வி. எஸ். நைபால். தம் தந்தையை முன்மாதிரியாகக் கொண்டு அவர் எழுதிய ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ (1961), மாமியார் வீட்டுக் கூட்டத்திலிருந்து விடுபட்டுத் தனக்கென ஒரு வீடு கட்டத் துடிக்கும் ஏழைப் பிராமணன் ஒருவனின் கதை. கடன் தீராத, கோணல்மாணலான அந்த வீட்டிலேயே அவன் உயிர் பிரிகிறது. அங்கே பரிகாசத்தின் அடியில் பாசம் ஓடுகிறது. ஆனால் ‘தி மிமிக் மென்’ (1967) நாவலில் பெயரைச் சுருக்கிக்கொண்ட அரசியல்வாதி ரால்ஃப் சிங்கைக் காணும்போது, கலப்பு மனிதன் யாரோ ஒருவரின் பழுதான நகல் மட்டுமே என்ற தீர்ப்பு முன்னதாகவே எழுதப்பட்டுவிட்டதை உணர்கிறோம்.

மூன்றாவது, பேச்சு மொழிப் பிரிவு, செல்வனுக்கு உரியது. சென்னையிலிருந்து சென்ற கிறிஸ்தவர் அவர் தந்தை. தாயாரோ ஸ்காட்லாந்து இரத்தமும் இந்திய இரத்தமும் கலந்தவர். ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ (1956) நாவலை முதலில் இலக்கண சுத்தமான ஆங்கிலத்தில் தொடங்கிய செல்வன், கதை நகர மறுத்ததால் தீவு ஜனங்கள் பேசும் கலப்பு ஆங்கிலத்தையே கதைசொல்லிக்கும் கொடுத்துவிட்டார். குளிரிலும் வறுமையிலும் வேலை தேடி அலையும் மோசஸும் காலஹாத்தும் எந்த மொழியில் சிரித்துக்கொள்கிறார்களோ, அதே மொழியில் லண்டன் மாநகரமும் வர்ணிக்கப்படுகிறது. தீவுப் பேச்சைக் கதைசொல்லியிடம் ஒப்படைப்பதில் ஜமைக்காவின் வி. எஸ். ரீட் 1949-இலேயே ‘நியூ டே’ நாவலின் மூலம் வழிகாட்டியிருந்தார்.

இவற்றுக்கு அப்பால், கயானாவில் நில அளவையாளராக உழைத்த வில்சன் ஹாரிஸ், பல இனத்தார் சேர்ந்து காட்டாற்றில் மேற்கொள்ளும் பயணத்தைக் கனவின் தர்க்கத்தில் ‘பாலஸ் ஆஃப் தி பீகாக்’ (1960) ஆக்கினார். டொமினிகாவில் பிறந்த ஜீன் ரீஸ், சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அய்ர்’ நாவலில் மேல்மாடியில் அடைபட்டுக் கிடந்த பைத்தியக்காரிக்கு ‘வைட் ஸர்கஸோ ஸீ’ (1966) நாவலில் ஒரு பிறந்த ஊரையும் நியாயத்தையும் அளித்தார்.

இத்தனை பிரிவுகளையும் எடைபோடுவதற்கு மூன்று பிரமாணங்கள் போதும். சரித்திரம் முன்னுரையாக நின்றுவிடாமல் பாத்திரங்களின் செய்கைகளுக்குக் காரணமாக இயங்குகிறதா? கலப்பு மனிதன் குறைபட்ட பிரதியாக அன்றி முழு மனிதனாகவே காணப்படுகிறானா? அவனுடைய பேச்சு மேற்கோள் குறிகளுக்குள் சிறைப்படாமல் கதையையே நடத்திச் செல்லும் உரிமை பெற்றிருக்கிறதா? முதலாவதில் லாமிங் தேறுகிறார். இரண்டாவதில் பிஸ்வாஸைப் படைத்த நைபால் தேறி, ரால்ஃப் சிங்கைப் படைத்த நைபால் தவறுகிறார். மூன்றாவதில் செல்வனுக்கு நிகரானவர் அவர் தலைமுறையில் அரியர். நடைநயத்தில் நைபாலே மேலானவர் என்பதில் ஐயமில்லை. 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு தகுதியானதே. ஆயினும், கலந்து பிறந்த ஒரு ஜனசமூகத்தைத் தன் குரலில் தானே பேசவைப்பதுதான் இம்மரபின் தலையாய சாதனை என்று கொண்டால், முதலிடம் செல்வனுக்கே உரியது.