கல்யாணத்தில் முடியும் கதைகள்

கதாசிரியர்களுக்கு ஒரு பழைய சங்கடம் உண்டு. கதையில் ஒரு பெண்ணைப் பலாத்காரத்துக்கு ஆளாக்கிவிட்ட பிறகு அவளை என்ன செய்வது? கிணறு இருக்கிறது, தூக்குக் கயிறு இருக்கிறது. ஆசிரியர் கொஞ்சம் இரக்க குணம் உள்ளவராக இருந்தால், கெடுத்தவனையே கடைசி அத்தியாயத்தில் திருந்த வைத்து அவன் கையாலேயே தாலி கட்டச் செய்வார். வாசகர்களும் 'அப்பாடா' என்று புத்தகத்தை மூடுவார்கள். இதெல்லாம் நம் பத்திரிகைக் கதைகளைப் பிடித்த வியாதி என்று சில விமர்சகர்கள் சொல்கிறார்கள். வியாதி நமக்கு மட்டும் சொந்தமல்ல. இந்த முடிவைச் சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்த தேசங்கள் உண்டு.

இத்தாலியின் 1930-ஆம் வருஷத்துக் குற்றவியல் சட்டத்தில் 544-ஆம் பிரிவு அப்படிப்பட்டது. பலாத்காரம் செய்தவன் அந்தப் பெண்ணையே மணந்துகொண்டால் குற்றம் அழிந்துவிடும். தண்டனை விதித்தாகிவிட்டாலும் அது நின்றுவிடும். கல்யாணப் பத்திரிகையே விடுதலைப் பத்திரம்!

இதை வைத்து பியெட்ரோ ஜெர்மி என்ற டைரக்டர் 1964-இல் ஒரு படம் எடுத்தார். 'கெடுக்கப்பட்டாள், கைவிடப்பட்டாள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஸிஸிலித் தீவில் ஒரு குடும்பம். அக்காவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை தங்கையைக் கெடுத்துவிடுகிறான். பிறகு, "எனக்கு வாய்ப்பவள் கன்னியாக இருக்க வேண்டும்" என்று அவனே அவளைத் தட்டிக் கழிக்கிறான். தகப்பனார் குடும்ப மானத்தைக் காப்பாற்ற ஓடுகிற ஓட்டம்தான் படம். விழுந்து விழுந்து சிரிக்கலாம். அத்தனை சந்தடியிலும் அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை என்பது சிரிப்பு அடங்கிய பிறகுதான் உறைக்கிறது.

படத்தில் ஒரு போலீஸ் அதிகாரி, சுவரில் மாட்டிய தேசப்படத்தில் ஸிஸிலியை மட்டும் கையால் மறைத்துப் பார்க்கிறார். எல்லோரும் மெச்சும் கட்டம் அது. எனக்கு அதில்தான் மனத்தாங்கல். 544-ஆம் பிரிவு ஸிஸிலியின் பட்டிக்காட்டு வழக்கமல்ல. தேசம் முழுவதற்கும் ரோமாபுரியில் எழுதிய சட்டம். மறைப்பதென்றால் முழுப் படத்தையும் மறைத்திருக்க வேண்டும்.

ஜெர்மி எழுதாத முடிவை ஒரு பெண் எழுதினாள். ஸிஸிலியில் அல்காமோ என்ற ஊர், பிராங்கா வியோலா என்று பெயர், வயது 17. 1965 டிசம்பர் 26-ஆம் தேதி, அவளுக்கு முன்பு நிச்சயம் செய்து முறிந்துபோன ஒருவன் கூட்டாளிகளோடு வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனான். ஒரு வாரத்துக்கு மேல் அடைத்து வைத்துக் கெடுத்தான். ஊர் வழக்கப்படி அடுத்த காரியம் கல்யாணம். அவள் மாட்டேன் என்றாள். அவளுடைய தகப்பனார் பெண் பக்கம் நின்றார். அந்தக் குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்துக்குத் தீ வைத்தார்கள்; அப்போதும் அவர் அசையவில்லை. 1966-இல் வழக்கு நடந்து, தூக்கிச் சென்றவனுக்கு 11 வருஷச் சிறை கிடைத்தது. பிரிவை நீக்க 1981 வரை ஆயிற்று. பலாத்காரத்தைப் 'பொது ஒழுக்கத்துக்கு எதிரான குற்றம்' என்ற அத்தியாயத்திலிருந்து எடுத்து, தனி மனிதருக்கு எதிரான குற்றங்களோடு சேர்க்க 1996 வரை ஆயிற்று.

நாம் மட்டும் என்ன? 'கற்பழிப்பு' என்ற சொல்லும் அந்தப் பழைய அத்தியாயத்தைச் சேர்ந்ததுதானே? அடிபட்டது பெண் அல்ல, கற்பு என்கிறது அந்தச் சொல்.

அதே 1966-இல்தான் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' ஆனந்த விகடனில் வந்தது. மழையில் நின்ற கல்லூரிப் பெண் ஒரு பெரிய காரில் ஏறுகிறாள், கெட்டுத் திரும்புகிறாள். தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். பிறகு தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமானவள் என்கிறாள். தமிழ்நாடே இரண்டுபட்டுச் சண்டையிட்டது. தானாகக் காரில் ஏறினவள்தானே, தடுக்கவில்லையே என்ற வாதம் இன்றும் கேட்கிறது. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதம் என்று கொள்ளக் கூடாதென்று நம் சட்டத்தில் 2013-இல் எழுதினார்கள். வாதம் செய்கிறவர்கள் அதைப் படிக்கலாம்.

அந்தத் தாயை நான் மதிக்கிறேன். ஆனால் அவளுடைய தண்ணீர் கதவைச் சாத்தினால்தான் பலிக்கும். அலறல் கேட்டு வந்தவர்களிடம், மழையில் நனைந்ததற்குத் திட்டினேன் என்று சொல்லிச் சமாளிக்கிறாள். அல்காமோவில் தகப்பனார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெண்ணைச் சுத்தமானவள் என்றார். இந்த வித்தியாசம் ஜெயகாந்தனுக்கே தெரிந்திருக்கிறது. 'சில நேரங்களில் சில மனிதர்க'ளில் அவர் மாற்றியது அந்த ஒரு கதவைத்தான். தாயின் கூச்சல் வெளியே கேட்டுவிடுகிறது. கங்காவின் வாழ்க்கையே வேறாகிவிடுகிறது. சிறுகதையைக் காட்டிலும் நாவலை நான் பெரிதாக நினைப்பதற்கு இதுதான் காரணம். அதிலே வெங்கு மாமா என்று ஒரு வக்கீல். அவனையே தேடிப் பிடிக்கட்டும் பார்க்கலாம் என்கிற அவருடைய ஏளனம்தான் கங்காவை அந்த மனிதனைத் தேட வைக்கிறது. 544-ஆம் பிரிவை அவர் படித்திருக்க மாட்டார். படிக்க வேண்டிய அவசியமும் இல்லை!

இப்படிப்பட்ட பிரிவுகளை எகிப்து 1999-இலும், மொராக்கோ 2014-இலும், டுனீஷியாவும் ஜோர்டானும் 2017-இலும் நீக்கின. நம் தண்டனைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருந்ததே இல்லை. ஆனாலும் வெங்கு மாமா கதைக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பலாத்கார வழக்கில், தண்டனை பெற்றவன் அந்தப் பெண்ணோடு சமரசம் பேசுவதற்கென்று அவனை ஜாமீனில் விட்டது. அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட், வேறொரு வழக்கில், இந்தக் குற்றத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது. சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன்பே அந்தப் பெண், அவனோடு பேச வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.