ஆற்றுப்படையும் ஆற்றுப்படுத்தலும்

ஈழத்தில் உளவளத்துணையை ‘ஆற்றுப்படுத்தல்’ என்றும் வழங்குவர். இச்சொல்லை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளுள் நான்கில், பரிசில் பெற்ற கலைஞன் வறிய கலைஞனுக்கு வழிகாட்டுகிறான். தீர்க்கப்படுவது பசி, ஆயின் பசியின் காரணம் வினவப்படவில்லை, வள்ளன்மையே தீர்வாகிறது. தயா சோமசுந்தரத்தின் ‘மனவடு’ (1993) துயரின் ஊற்றைப் போரிற் கண்டு இவ்வெல்லையைக் கடந்தது.

2009 இல் நெளுக்குளத்துப் பாடசாலை இடம்பெயர்ந்தோர் முகாமாயிற்று. 2021 இல் உருவான வவுனியாப் பல்கலைக்கழகம் அதற்கு அணித்தே உள்ளது. இத்தகைய சிறு பல்கலைக்கழகத்தில் உளவளத்துணை பயிலும் அவ்வூர் மாணவி, காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாயிடம் யாது கூறுவாள்? 2017 இல் வவுனியாவில் போராட்டம் தொடங்கிய தாயர் வேண்டியது ஆறுதலன்று; விடை. துயரைத் தனிமனித நோயாகச் சுருக்கும் கல்வி அவ்விடையை மறைக்கும். ‘ஆறு’ என்பதன் பொருள் வழி என்பதை நாம் மறத்தலாகாது.